நான்கு வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை

பாரிவாக்கம் தாண்டி ஏதோ ஒரு தெருவில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கதவுதான் இருக்கிறதாம். பூந்தமல்லி பேருந்து நிலையத்து டீக்கடையில் இந்தப் பேச்சு முதலில் காதில் விழுந்தது. சொன்னவர் காரணத்தையும் கையோடு வைத்திருந்தார். அரசாங்கம் வீட்டுக்கு ஒரு கதவு கொடுத்ததாம், நடுவில் ஒருத்தன் நாலைச் சுருட்டிவிட்டானாம். அதே பேச்சு காட்டுப்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது காரணம் மாறியிருந்தது. அங்கே சங்கக் கூட்டத்தில் ஒருவர், நம் வரிப்பணத்தில் கொடுத்த கதவுகளை அந்த ஜனங்களே விற்றுக் குடித்துவிட்டார்கள் என்றார். கூட்டம் தலையாட்டியது. தலையாட்டிய ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தேக்குக் கதவு, அதற்கு முன்னால் ஒரு கொசுவலைக் கதவு, அதற்கும் முன்னால் ஓர் இரும்புக் கதவு. கீழே பெரிய கேட், கேட்டுக்கு ஒரு காவலாளி. இத்தனைக்கும் உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குக் கதவைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பி விசாரிக்கக் கிளம்பினேன். அந்தக் கேட்டில் நின்றுகொண்டிருந்த காவலாளிக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெருவைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. ஏரிக்கரையை ஒட்டிய மண் ரோடு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் சின்னச் சின்ன மானிய வீடுகள். நான் போன அன்று எல்லா வீட்டுக்கும் கதவு இருந்தது. பிளைவுட் கதவு, பிளாஸ்டிக் கதவு, பழைய கடையில் வாங்கிப் பெயிண்ட் அடித்த கதவு. கதவைப் பற்றிக் கேட்டதும் ஓர் அம்மாள் தன் கதவை ஒருமுறை சாத்தித் திறந்து காட்டி, போதுமா என்பதுபோல் பார்த்தார்.

தெருமுனை வீட்டில் இருந்த ராணிதான் வாயைத் திறந்தார். காட்டுப்பாக்கத்து அடுக்குமாடியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கமெல்லாம் அவரிடம் இல்லை.

"அஞ்சு ஊடுன்னு எவன் சொன்னான்? என் ஊட்டோட சேத்து நாலுதான். அதுக்குப் பேரு கதவும் இல்ல சார். மாப்ள."

மாப்பிள்ளையை எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். நல்ல தேக்கு. நடுவில் பித்தளை வளையம், எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடித் துளை, அதற்கு மேலே "பி-304" என்று உளியால் வெட்டிய எழுத்து. அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்காரருக்கு வாஸ்துக்காரர் வாசலை மாற்றச் சொன்னதில் வேலையிழந்த கதவு அது. ராணி கேட்டு வாங்கி மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மற்றதையெல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டு, எதிர்ச்சாரியில் மூன்றாவது வீட்டைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தண்ணன்கிட்ட மட்டும் இதக் கேட்டுராதீங்க. பாவம், அந்த ஆளுக்குச் சோறு எறங்காது."

கேட்காதே என்று சொன்ன இடத்தில் போய்க் கேட்பதுதான் பத்தி எழுதுகிறவன் பிழைப்பு. போனேன்.

சம்பந்தத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரக்கோணம் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவர். லேத்திலிருந்து வரும் உருப்படிகளின் துளை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு ஒரு கருவி உண்டு. கைக்கு அடக்கமான எஃகுக் குச்சி. அதன் ஒரு முனை துளைக்குள் போயாக வேண்டும். மறுமுனை போகவே கூடாது. முதல் முனைக்குப் பெயர் கோ, மற்றதற்கு நோ-கோ. போக வேண்டியது போகாவிட்டாலும் உருப்படி குப்பைத்தொட்டிக்கு, போகக்கூடாதது போய்விட்டாலும் குப்பைத்தொட்டிக்கு.

கம்பெனிக்கு வெளியிலும் சம்பந்தம் அந்தக் குச்சியோடுதான் அலைந்தார் என்று அவர் மனைவி புஷ்பா சொல்கிறார். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குப் போக மாட்டார். பத்திரிகை வைத்துவிட்டால் காய்ச்சலோடும் போவார். பேருந்தில் நடத்துனர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால் இறங்கும் முன் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டு இறங்குவார். எஸ்டேட்டில் அவருக்குப் பெயரே நோகோதான். ஒருவன் இப்படி இருந்தால் ஊர் அவனைப் பாராட்டும், ஆனால் கூடவே வைத்துக்கொள்ளாது. கம்பெனி ஊருக்கு வெளியே இடம் மாறியபோது வயதானவர்களைக் கழற்றிவிட்டார்கள். அதில் முதல் பெயர் அவருடையது.

அதன் பிறகுதான் காட்டுப்பாக்கத்துக் கேட்டுக்கு வந்தார். காவலாளி உடுப்பை வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போவதில்லை. சாதாரணச் சட்டையில் பேருந்தேறி, உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கே பம்பு ரூமில் மாற்றிக்கொள்வார். வழியில் எஸ்டேட் ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம். அந்த உடுப்பில் கூச்சப்பட ஏதும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கூச்சம் அவருக்கு ஓர் உறுப்பு மாதிரி, கழற்றி வைக்க முடியாது.

வாடகை வீட்டிலேயே கிடந்தவர்களுக்கு இந்த மனை புஷ்பாவின் அப்பா வழியில் வந்தது. மனை இருந்தால் அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார்கள், கிடைத்தது. திட்டத்தில் பணம் நான்கு தவணையாக வரும். அஸ்திவாரம் போட்டால் ஒன்று, ஜன்னல் மட்டம் வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று, முழுதாக முடித்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து போட்டோ எடுப்பார்கள். வீட்டுக்கு முன்னால் பயனாளி நிற்க வேண்டும். எந்த இடம், எந்த நேரம் என்பதைப் போனே போட்டோவின் மேல் எழுதிவிடும். வெறும் அஸ்திவாரத்துக்கு முன்னால் சம்பந்தம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். அந்தப் போட்டோவைப் புஷ்பா காட்டினார். பள்ளத்துக்கு அருகே ஒருவர் கல்யாண வரவேற்புக்கு நிற்பது போல இருக்கிறது.

கூரை வரைக்கும் வந்ததும் கையிலிருந்தது தீர்ந்தது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்த இடத்தில்தான் தீர்ந்தது. இங்கேதான் திட்டத்தின் அழகைக் கவனிக்க வேண்டும். கதவு போட்டால்தான் கடைசித் தவணை வரும். கடைசித் தவணை வந்தால்தான் கதவு போட முடியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் எதையும் திருடவில்லை, யாரும் விற்றுக் குடிக்கவுமில்லை. வட்டம் அவ்வளவு கச்சிதமாக விழுந்திருந்தது.

கதவு வரும்வரை வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைத் தொங்கவிட்டார் சம்பந்தம். யாரோ வீட்டுக் காதணி விழாவுக்கு அடித்தது. "அனைவரும் வருக வருக" என்று பெரிதாக எழுதியிருந்தது. கதவில்லாத வீட்டில் இப்படி ஒரு பலகை வேண்டாமென்று வெள்ளைப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டினார். சாயங்காலம் உள்ளே விளக்குப் போட்டால் அந்த வருக வருக தெருவுக்கு இடம் வலமாகத் தெரிந்தது.

அவர்கள் மகள் ரோஷினிக்கு இருபத்திரண்டு வயது. பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வேலை முடிந்து வந்தால் உடை மாற்ற வேண்டும், தூங்க வேண்டும். காற்றில் ஃப்ளெக்ஸ் பறக்காமலிருக்கக் கீழே செங்கல் வைப்பார்கள். நாய் அந்தச் செங்கல்லைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். நாய்தானா என்று பார்ப்பதற்காக அப்பா எழுந்து உட்காருவார், அவர் வேலைக்குப் போன ராத்திரிகளில் அம்மா எழுந்து உட்காருவார். ரோஷினி அதிகம் பேசுகிற பெண் இல்லை. எப்பப்பா கதவு என்று கேட்பாள், அவ்வளவுதான். பொய் சொல்லத் தெரியாதவரிடம் தினமும் இப்படி ஒரு கேள்வி.

ராணியின் கதவு மற்ற வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது இந்தச் சமயத்தில்தான். தெரு முழுவதற்கும் வேலை செய்தவர் அசோக் என்ற ஒரே மேஸ்திரி. இலவசமாகக் கிடைத்த கதவு என்பதால் ராணி வீட்டு வாசலை அதன் அளவுக்கு வைத்தார். அந்த அளவு மனதில் இருந்ததால் மற்ற வீடுகளுக்கும் அதையே வைத்துவிட்டார். போட்டோவுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் கதவைக் கழற்றி இரண்டு பேர் தோளில் சுமந்து போவார்கள். பி-304 என்ற எழுத்து தெரிந்துவிடக் கூடாதே என்று அதன் மேல் ஒரு மாலையைத் தொங்கவிடுவார்கள், புது வீட்டுக் கதவுக்கு மாலை போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா. துடைத்துப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு பேர் சூழ அழைத்து வந்து, போட்டோ எடுத்ததும் திரும்பிப் போகிற ஒரு ஆளுக்கு இந்தத் தெருவில் வேறென்ன பெயர் வைப்பார்கள். மாப்பிள்ளை இப்போது யார் வீட்டில் இருக்கிறார் என்று போனில் விசாரித்துக்கொள்வார்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் புரியாது. அதுதான் வசதி.

ராணி வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் போட்டோ எடுத்தவர் பழைய ஆள். அவர் போய், கவிப்பிரியா என்ற இளம் பொறியாளர் புதிதாக வந்தார். தேனிப் பக்கத்துப் பெண், ஒப்பந்த வேலை. ஸ்கூட்டரில் ஊர் ஊராகச் சுற்றி வருவார். மூன்றாவதாக நடேசன் என்ற பெயிண்டர் வீட்டுக்கு அவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார், அன்றைக்கே எதிர்வீட்டு ரோஷினியோடும் பேசிப் பழகிவிட்டார். நான்காவது சம்பந்தத்தின் முறை.

சம்பந்தம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. இரவல் கதவைக் காட்டிப் பணம் வாங்குவது போகக்கூடாத முனை போவது என்றார். புஷ்பா அவரிடம் விவாதம் செய்யவில்லை. ஃப்ளெக்ஸைக் காட்டி, இது மட்டும் போக வேண்டிய முனையா என்று கேட்டார். மறுநாள் அவர் ராணி வீட்டுக்குப் போய் நின்றார். வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை, ராணியே புரிந்துகொண்டார்.

கவிப்பிரியா மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் ஃப்ளெக்ஸ். கதவு ஆசாரியிடம் இருக்கிறது, மத்தியானம் வந்துவிடும் என்று சம்பந்தம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பரவாயில்லை, பக்கத்து ஊர் வேலையை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று அந்தப் பெண் ஸ்கூட்டரைத் திருப்பினார். அப்போது பார்த்து ராணியின் போன் வந்தது. சம்பந்தத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், லேத்துச் சத்தத்தில் போனது. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணாத்தே, மாப்ள தொடச்சி, பொட்டு வெச்சி, மாலையும் போட்டுகினு ரெடியா கீறாரு. ரெண்டு ஆள அனுப்பு. தனியா வர மாட்டாரு."

கவிப்பிரியா ஸ்கூட்டரை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்பிள்ளையா? ரோஷினிக்கா? என்னங்கய்யா, சொல்லவே இல்லையே."

அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் மாப்பிள்ளை யார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தன் வீடு மட்டுமல்ல, பணம் இன்னும் வராத நடேசன் வீடும் போகும், பணம் வாங்கிவிட்ட இரண்டு வீட்டையும் தோண்டுவார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் பேசாமல் இருந்தாரா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டதாம்.

"ஆமாம்மா. பேசிகினு கீறோம்."

வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொல்கிறவர்கள் சின்னதாக ஆரம்பிப்பார்கள். இவர் நேராகக் கல்யாணத்தில் ஆரம்பித்தார்.

மத்தியானம் அந்தப் பெண் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை மாலையோடு நிலையில் நின்றுகொண்டிருந்தார். மாலையைப் பார்த்ததும் கவிப்பிரியா இன்றைக்கே நிச்சயதார்த்தம் என்று முடிவு செய்துகொண்டார். அவசரமாகப் போட்டோவை எடுத்தார். போட்டோவில் சம்பந்தம் கதவுக்கு முதுகைக் காட்டி, எங்கேயோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணத்துக்கு வர முடியுமோ முடியாதோ என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் பையைத் துழாவினார். சாயங்காலம் யாரோ சிநேகிதி கல்யாணத்துக்குப் போவதற்காக ஒரு மொய்க் கவர் வைத்திருந்தார். அதில் ரோஷினி என்று எழுதிப் புஷ்பாவின் கையில் திணித்தார். ஐந்நூற்றொன்று. புஷ்பா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஒப்பந்த வேலைக்காரருக்கு ஐந்நூறு என்பது என்ன என்று புஷ்பாவுக்குத் தெரியும்.

போகும்போது கடைசியாக ஒன்று சொன்னார். கல்யாண வீட்டில் பணத் தட்டுப்பாடு வரக் கூடாது, உங்கள் ஃபைலை முதலில் அனுப்பிவிடுகிறேன்.

சொன்னபடி செய்தார். சம்பந்தத்துக்குக் கடைசித் தவணை வந்தது. அவருக்கு முன்னால் போட்டோ எடுத்த நடேசனுக்கு வரவில்லை. அந்த முறைக்கான பணம் தீர்ந்துவிட்டது, அடுத்த ஒதுக்கீட்டில் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சம்பந்தம் பிளாஸ்டிக் கதவு ஒன்று வாங்கி மாட்டினார். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ரோஷினி முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள். எதிர்வீட்டில் நடேசன் ஐப்பசி மழை முழுவதையும் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் இருந்து பார்த்தார்.

ஒரு நாள் மழை விட்டபோது சம்பந்தம் புதுக் கதவைக் கழற்றி, தோளில் வைத்துக்கொண்டு நடேசன் வீட்டு வாசலில் போய் நின்றார். பணம் வரும்வரை இது இங்கே இருக்கட்டும் என்றார். நடேசன் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் நாக்கு இருக்கிறது.

"வேணாம் மாமே. மாப்ளைய இட்டாந்து பொண்ணுக்கு நீ பண்ண கண்ணாலமே போதும். எங்க ஊட்ல வயசுப் பொண்ணு இல்ல, எனக்கு எதுக்கு அவசரம்."

சம்பந்தம் கதவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அன்றைக்கு அவர் நடந்த நடையை ராணி எனக்கு நடித்துக் காட்டினார். சிரிப்பதற்காக ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

இது தெருவோடு போயிருந்தால்கூட ஒரு மாதிரி. கவிப்பிரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவை எடுக்க அந்த ஜவுளிக்கடைக்கே போய்விட்டார். பில் போடும் இடத்தில் ரோஷினியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணப் பெண்ணை இன்னுமா வேலை வாங்குகிறீர்கள் என்று மேலாளரைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். மேலாளர் வாழ்த்துச் சொன்னார். கூட வேலை செய்யும் பெண்கள் மொய்த்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்டார்கள். ரோஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. மாலை, பொட்டு, ரெண்டு ஆள் என்றெல்லாம் மேடம் சொல்லிக்கொண்டே போனபோதுதான் புரிந்தது. அவளும் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் பில் மெஷினைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு கதவுக்காக என்னைக் கட்டிக் குடுத்துட்டியாப்பா?"

இதை என்னிடம் சொன்னபோது சம்பந்தம் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியைப் புஷ்பாதான் சொன்னார். ரோஷினி அழவில்லையாம், கோபப்படவுமில்லையாம். கல்யாணம் எப்போது என்று கடையில் தினமும் கேட்பார்களே, என்ன சொல்லட்டும், அதை மட்டும் சொல்லிக்கொடு என்று அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாளாம்.

ஒரு பொய்க் கல்யாணத்தை என்ன செய்ய முடியும்? நடத்த முடியாது. நிறுத்தத்தான் முடியும். வீட்டில் மூன்று பேரும் கூடிப் பேசி அந்தக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்வதாக முடிவு. நம் ஊரில் நின்றுபோன கல்யாணம் என்றால் அடுத்துக் கேட்கிறவர்கள் யாரிடம் என்ன கேட்பார்கள் என்று மூவருக்குமே தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். கடையில் பெண்கள் ரோஷினியிடம் பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க அவளுக்குக் கேட்டிருந்தாலே தேவலை என்று இருந்ததாம்.

சம்பந்தம் கவரை எடுத்துக்கொண்டு கவிப்பிரியாவின் அலுவலகத்துக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனார் என்கிறார், நானும் நம்புகிறேன். நடேசனின் ஃபைல் இன்னும் அந்த மேசையில்தான் கிடந்தது. அதனால் கல்யாணம் நின்றுவிட்டது என்பது வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. வரதட்சணை கேட்டார்களா என்றார். சம்பந்தம் பேசாமல் இருக்கவே, கேட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை பெயரைச் சொல்லுங்கள், மகளிர் காவல் நிலையத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். வேண்டாம்மா, அவரும் நல்லவர்தான், ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை என்று சம்பந்தம் மன்றாடினார். இவ்வளவு ஆன பிறகும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாரே என்று அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது. கவரை வாங்கவில்லை. வேறு நல்ல இடம் அமையும், அப்போது ரோஷினிக்குக் கொடுங்கள் என்று கையை மூடி அனுப்பிவைத்தார்.

அடுத்த ஒதுக்கீட்டில் நடேசனுக்கும் பணம் வந்தது. தெருவில் எல்லோருக்கும் கதவு வந்தது. பி-304 ராணி வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் யாருக்கும் எதுவும் போகாது. சொல்ல வேண்டியதுதானே என்று நடேசனே ஒருமுறை கேட்டுவிட்டார். இப்போது சம்பந்தத்தைத் தடுப்பதற்குத் தெரு இல்லை, வீடு இல்லை, தவணை இல்லை. கூச்சம் மட்டும்தான் இருக்கிறது. நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரியைக் கேட்டு அந்தப் பெண் சிரித்துவிடலாம். சிரிக்காவிட்டால்?

இதற்கிடையில் கவிப்பிரியாவுக்கு ஒப்பந்தம் முடிந்து, சொந்த ஊர்ப் பக்கமே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மொய் என்பது திரும்பிப் போக வேண்டியது. எப்போது, எப்படி என்பதற்கும் முறை உண்டு. அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வரும், பத்திரிகை வரும், தேனிக்குப் போய்க் கொஞ்சம் கூட வைத்து எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று சம்பந்தம் காத்திருந்தார். போன மாதம் ரோஷினி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கழுத்தில் மாலையோடு கவிப்பிரியா, பக்கத்தில் ஒருவர். இந்த முறை நிஜமாகவே மாப்பிள்ளை.

சம்பந்தம் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"உங்களத்தான் மொதல்ல கூப்பிடணும்னு இருந்தேங்கய்யா. ரோஷினிக்கு அப்படி ஆன பின்னாடி, ஒரு கல்யாண வீட்டுக்கு வான்னு உங்களக் கூப்பிட எனக்கு மனசு வரல. தப்பா நெனச்சுக்காதீங்க."

இல்லம்மா, இல்லம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்திரிகை வராத கல்யாணத்தில் எப்படி மொய் எழுதுவது? ரோஷினி ஒரு வழி சொன்னாள். இப்போதெல்லாம் மண்டபத்திலேயே ஸ்கேன் செய்துதான் மொய் போடுகிறார்கள், அதுபோல மேடம் நம்பருக்கு அனுப்பிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. சம்பந்தம் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். பணத்தோடு ஏதாவது எழுத ஓர் இடம் விட்டிருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் கிளம்பும்போது கவரைப் புஷ்பா பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். மணமகள் என்று அச்சடித்த இடத்தில் ரோஷினியின் பெயர் அழகான கையெழுத்தில் இருக்கிறது. மணமகன் என்ற இடம் காலி. அந்தப் பொண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும், கொலுசு வாங்கிக்கொண்டு நேரிலேயே போய் வந்துவிடலாம் என்று புஷ்பா சொன்னார். சம்பந்தம் உடுப்புப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"போயி நின்னா, ரோஷினி எப்படி கீறான்னு கேக்கும்ல அது."

புஷ்பா கவரைத் திரும்பப் பீரோவில் வைத்தார்.